வாத்து ஏழாவது முறை சொன்னது

அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் படக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருஷமாகக் கைக்குழந்தைகளின் விலங்குப் புத்தகங்களுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தாள். கெட்டி அட்டை, வட்டமாக வெட்டிய மூலை, பக்கத்துக்கு ஒரு வரி, மொத்தம் பன்னிரண்டு பக்கம். தூங்கும் முயல், குளிக்கும் யானை, தொப்பியைத் தொலைத்த நாய். அவள் போட்ட விலங்குகளில் ஒன்றுக்குக்கூடப் பல் வெளியே தெரியாது. எல்லாக் கண்ணிலும் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி இருக்கும். புள்ளி இல்லாவிட்டால் விலங்கு செத்ததுபோல் இருக்கும், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவளே பார்த்துத் தெரிந்துகொண்டது.

இப்படிப் பரம சாதுவான வேலை செய்கிறவள் மனசில் இருபத்தோரு வருஷமாக ஒரு கோபம் கிடந்தது. பொங்கவும் இல்லை, ஆறவும் இல்லை.

கோபம் நாத்தனார் மேல். கணவனின் அக்கா. அதே பதிப்பகத்துக்குக் கதை எழுதுகிறவர். பதிப்பகத்தின் நட்சத்திரமே அவர்தான். அவர் வாசலில் வண்டியை நிறுத்தினால் மேல்மாடியில் தேநீர் கலக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நடந்தது இதுதான். படக்காரியின் மகளுக்கு அப்போது இரண்டரை வயசு. குடும்பமாக வெளியூர் கிளம்பினார்கள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. கணவன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். நாத்தனார் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போய் டிக்கெட் எடு, நான் பாத்துக்கறேன்" என்றார். படக்காரி போய் வரிசையில் நின்றாள். டிக்கெட்டோடு திரும்பி வந்தபோது நாத்தனார் பக்கத்துத் திரைத்துணிக் கடையில் ஒரு பூப்போட்ட துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் துணிதான் இருந்தது. குழந்தை இல்லை.

இருபது நிமிஷம் தேடினார்கள். கடைசியில் ஒரு பழ வண்டிக்கு அடியில், ஒரு காலில் மட்டும் சிவப்புச் செருப்போடு உட்கார்ந்திருந்தது குழந்தை. படக்காரிக்குப் பேச்சு வரவில்லை. நாத்தனாருக்கு வந்தது. தம்பி ஓடி வருவதைப் பார்த்ததும், "பிள்ளைய விட்டுட்டுப் போயிட்டாளேடா!" என்று ஓங்கி அழுதார். யார் முதலில் அழுதார்களோ அவர்கள் சொன்னதே நடந்ததாக நின்றுவிட்டது. மறுநாள் படக்காரி உண்மையைச் சொன்னபோது, "நானா? பாத்துக்கறேன்னு சொன்னேனா? எப்பம்மா?" என்று நாத்தனார் எப்போதும்போலக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, அவ்வளவு அன்பாகக் கேட்டார். கணவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நடுரோட்டில் நட்ட கம்பம்போல அன்றைக்கு நின்றவன்தான், இன்றைக்கும் அப்படியே நிற்கிறான்.

அதோடு விட்டிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கதை படம் போடுகிறவரிடம் வரும்போது எழுதியவர் பெயர் இருக்காது. பெயர் தெரிந்தால் கை கூசும் அல்லது குழையும், படம் கெட்டுப்போகும் என்று ஆரம்பித்தவர் யாரோ நினைத்திருக்கிறார். எட்டு மாதம் கழித்து அப்படி ஒரு கதை படக்காரியின் மேசைக்கு வந்தது. 'மறதிக் கரடி.' பட்டாம்பூச்சி பின்னால் ஓடி, குட்டியை ஆற்றங்கரையில் மறந்துவிட்டுப் போகிற ஓர் அம்மாக் கரடி. காட்டில் குட்டி தொலைகிற கதை வராத மாதம் அந்த அலுவலகத்தில் கிடையாது. அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இப்படியும் ஒரு அம்மாவா என்று சிரித்துக்கொண்டே போட்டாள். மேசையில் எப்போதும் ஒரு கைக்கண்ணாடி வைத்திருப்பாள். விலங்குக்கு என்ன முகபாவம் வேண்டுமோ அதைத் தன் முகத்தில் வரவழைத்து, பார்த்துப் போடுவாள். கரடி திடுக்கிட்டு வாய் பிளந்து நிற்கிற ஏழாம் பக்கத்துக்கு மட்டும் ஒரு முழு மதியம் கண்ணாடி முன் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள். அவள் போட்டதிலேயே நல்ல படம் அதுதான்.

புத்தகம் அச்சாகி வந்ததும், குடும்பத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில் நாத்தனார் அதை எடுத்து விரித்தார். அட்டையில் அவர் பெயர்.

"கரடி மூஞ்சி தத்ரூபமா வந்திருக்கே. கண்ணாடி பாத்துப் போட்டியாம்மா?"

மேசை முழுக்கச் சிரித்தது. இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. ஏனென்றால் கண்ணாடி பார்த்துத்தான் போட்டாள்.

அதற்குப் பிறகு மகள் அந்தப் புத்தகம் இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்றாள். இரண்டு வருஷம், மூன்று வேளையும், தன் கையால் சோறு ஊட்டிக்கொண்டு, தன் வாயால், 'அம்மாக் கரடி மறந்தே போச்சு' என்று படக்காரி வாசித்தாள். வாசித்து முடித்தால் மகள், "மறுபடி" என்பாள்.

குடும்பத்தில் அவளுக்கு இப்போதும் கரடி என்றுதான் பெயர். பாசமாகத்தான் சொல்கிறார்கள். பாசமாகவே வீட்டுச் சாவியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். பயணச்சீட்டை வாங்கிக்கொள்வார்கள். "குடு கரடிம்மா, நீ எங்கயாவது வச்சிடுவ" என்பாள் மகள். ஒரு படத்தைக்கூடக் கெடு தாண்டிக் கொடுக்காதவள், இருபத்தோரு வருஷமாகத் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்ததில்லை. மகளிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மகள் அவள் கன்னத்தைக் கிள்ளி, "போம்மா, புக்குலயே வந்திருக்கு" என்றாள்.

படக்காரிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உண்மை நாத்தனார் வாயிலிருந்து வரவேண்டும். அப்போது மகள் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அதற்கு ஒரு வழி போன வருஷம்தான் தோன்றியது. பதிப்பகத்தின் புதுப் புத்தகம் எதுவானாலும் அச்சுக்குப் போவதற்கு முன், நூலகத்தின் குழந்தைகள் அறையில் சனிக்கிழமை காலை ஒருமுறை வாசித்துப் பார்ப்பார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் இருக்கும். வாசிக்கிறவருக்கும் யார் எழுதியது என்று தெரியாது. அட்டையில் ஒன்றும் இருக்காது. ஒரு குழந்தையாவது 'மறுபடி' என்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை மறுபடி வாசிக்கவேண்டும் என்பது விதி. ஐந்து வாசிப்புக்குக் குறைந்தால் புத்தகம் அச்சாகாமல் அலமாரிக்குப் போய்விடும். வாசிக்கிற நாற்காலி நாத்தனாருடையது. பன்னிரண்டு வருஷமாக அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த அறையைப் பார்த்துக்கொள்கிற நூலக ஊழியர், வாசிப்புகளைச் சிலேட்டில் கோடு போட்டு எண்ணுகிறவள், படக்காரியின் மகள்.

படக்காரி தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கதை எழுதினாள்.

கதையில் ஒரு வாத்து. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து நடக்கிற வாத்து. கோழியிடம், "நீ போய் வா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லும். கோழி போனதும் குளத்தில் தன் அழகைப் பார்க்கப் போய்விடும். குஞ்சு குழியில் விழும். காகம் காப்பாற்றும். விலங்குகளெல்லாம் கூடி வாத்தின் இறகைப் பிடுங்கி, குளத்தை விட்டே துரத்திவிடும். கடைசிப் பக்கத்தில் வாத்து மொட்டையாக மழையில் நிற்கும்.

அதை எழுதிய நான்கு நாளும் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

பதிப்பாசிரியரம்மாவுக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரே மூச்சில் படித்தார்.

"யாரு மேல இவ்வளவு கோவம்?"

"வாத்து மேலதான்."

"வாத்தை மொட்டையடிச்சு மழையில நிக்க வச்சிருக்க. ரெண்டு வயசுப் பிள்ளை இதைப் பாத்துட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கணும், தெரியுமில்ல?"

"தப்பு பண்ணினா தண்டனை வேண்டாமா?"

"நம்ம புக்குல யாரும் தப்பே பண்ண மாட்டாங்க. அதுக்குத்தான் ஜனங்க வாங்கறாங்க" என்று கத்தரி சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

முதலில் மழை போயிற்று. பிறகு இறகு பிடுங்குவது, துரத்துவது. குழிக்கு மேல் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது. "குழி வேண்டாம், பிள்ளைங்க நடக்கப் பயப்படும்." குழி மூடப்பட்டதும் காகத்துக்கு வேலை இல்லை, அதுவும் பறந்துவிட்டது. "குஞ்சை விட்டுட்டு வாத்து அழகு பாக்கப் போறது... ம்ஹூம். பாத்துக்கறேன்னு சொன்ன வாத்து பாத்துக்கணும்." கோழிக்குப் பிறகு பூனை, ஆடு, முயல் என்று கத்தரி சேர்த்துக்கொண்டே போனார். எல்லோரும் குட்டிகளை விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொருவரிடமும் வாத்து, "நீ போய் வா, நான் பாத்துக்கறேன்" என்கிறது. பார்த்தும் கொள்கிறது. கடைசியில் எல்லாக் குட்டிகளும் அதன் சிறகுக்குள் தூங்குகின்றன.

"இந்த ஒரு வரிதான் தங்கம். திரும்பத் திரும்ப வரணும். பிள்ளைங்க கூடவே சேர்ந்து சொல்லும்" என்றார் கத்தரி.

"வாத்துக்குப் பாராட்டு விழா நடத்திட்டீங்களே."

"நல்ல வாத்து. பாராட்டினா என்ன?"

படக்காரி அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்க் கிழிக்கப் பார்த்தாள். கிழிக்கவில்லை. அந்த ஒரு வரியாவது அவர் வாயால் வரட்டும் என்று நினைத்தாள். படம் போட்டபோது வாத்தின் கழுத்தை அப்படியே சாய்த்து வைத்தாள். கோழியை ஒரு நீண்ட வரிசையில், கையில் பையோடு, முதுகைக் காட்டி நிறுத்தினாள். குஞ்சுக்கு ஒரு காலில் மட்டும் சிவப்புச் செருப்பு.

"இன்னொரு செருப்பு எங்க?" என்று கேட்டார் கத்தரி.

"இந்த வயசுல எந்தப் பிள்ளைக்கு ரெண்டு செருப்பு இருந்திருக்கு?"

"அதுவும் சரிதான்" என்று கத்தரி கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை பதினொரு குழந்தைகள் வந்திருந்தன. வாசலில் கட்டைவிரல் நீளச் செருப்புகள் இறைந்து கிடந்தன. பாயில் ஒன்று தன் காலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஒன்று பக்கத்துக் குழந்தையின் காலை. பெற்றோர்கள் சுவரோரம். மகள் சிலேட்டோடு சன்னலருகில் நின்றாள். "கரடிம்மா, பையைக் குடு, நான் வச்சுக்கறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். படக்காரி கடைசியில், அலமாரியை ஒட்டி உட்கார்ந்தாள்.

நாத்தனார் வெற்று அட்டையைப் பிரித்தார். அவருக்கு அருமையான குரல். அதைப் படக்காரி எப்போதுமே மறுத்ததில்லை. கோழி ஊருக்குக் கிளம்பியது. நாத்தனார் கழுத்தைச் சாய்த்து, "நீ போய் வா, நான் பாத்துக்கறேன்!" என்றார். குழந்தைகள் கைதட்டின. முயலுக்குச் சொல்லும்போது மூன்று குழந்தைகள் சேர்ந்து சொல்லின.

"மறுபடி!"

ஒரு கோடு. இரண்டாவது வாசிப்பில் நாத்தனாரின் பார்வை குஞ்சின் காலில் ஒரு கணம் நின்றது. மூன்றாவதில் கோழியின் வரிசையில். வாசிப்பு தடைபடவில்லை. அவர் தேர்ந்த கை. ஆனால் பக்கத்தைத் திருப்பும்போது தலையை நிமிர்த்தி, அலமாரிப் பக்கம் பார்த்தார். படக்காரி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கவில்லை.

"மறுபடி!"

நான்காவதில் அறையே சேர்ந்து சொன்னது. சுவரோரம் நின்ற அப்பாக்களும் சொன்னார்கள். "நான் பாத்துக்கறேன்!" நாத்தனார் தண்ணீர் குடித்தார். ஐந்தாவதில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. குழந்தைகள் அதை ஈடுகட்டின. புத்தகம் தேறிவிட்டது. அங்கே நிறுத்தியிருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, புத்தகத்தை மூடினார். முன்வரிசையில் பால்பல் இரண்டு மட்டும் முளைத்த குழந்தை ஒன்று தவழ்ந்து வந்து அதைத் திறந்தது.

"மறுபடி."

ஆறு. படக்காரிக்கு அந்தக் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுக்கவேண்டும்போல் இருந்தது. வாத்தை நல்லவளாக்கியதற்குக் கத்தரியை இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தாள். மொட்டை வாத்தாக இருந்திருந்தால் நாத்தனார் சிரித்துக்கொண்டே வாசித்திருப்பார், யாரோ ஒரு கெட்ட வாத்து என்று. இந்த வாத்து சொன்னதைச் செய்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும், ஒவ்வொரு தடவையும் செய்கிறது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"மறுபடி!"

ஏழாவது தடவை நாத்தனார் முதல் பக்கத்தை வாசித்தார். கோழி கிளம்பியது. வாத்து சொன்னது. அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஆனா வாத்து பாத்துக்கல" என்றார்.

"இல்ல!" என்றது ஒரு குழந்தை.

"பாத்துக்கல. துணி பாக்கப் போயிடுச்சு."

"இல்ல! பாத்துச்சு! வாத்து பாத்துச்சு!" பாயிலிருந்து நான்கைந்து குரல்கள் எழுந்தன. ஆறு தடவை கேட்ட கதையில் ஒரு சொல்லை மாற்றினால் அந்த வயசு விடாது. இரண்டு பல் குழந்தை கோபத்தில் பக்கத்தை அறைந்து காட்டியது. பாத்துச்சு, பார், இதோ!

"கோழி வரிசையில நின்னுட்டிருந்தது. வாத்துதான் கையை விட்டுச்சு" என்றார் நாத்தனார். குழந்தைகளைப் பார்த்துச் சொல்லவில்லை. பெற்றோர்கள் புதுவிதமான கதைசொல்லல் என்று நினைத்துப் புன்னகைத்தார்கள். இரண்டு குழந்தைகள் அழ ஆரம்பித்தன. அழுகை தொற்றிக்கொண்டது. அம்மாக்கள் தூக்கினார்கள். நாத்தனார் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார்.

மகள் சன்னலருகிலேயே நின்றாள். குஞ்சின் செருப்பை அவள் இப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். பேருந்து நிலையக் கதையை வீட்டில் எப்போது சொன்னாலும் அந்த ஒற்றைச் செருப்பு அதில் வரும்.

வாசலில் நாத்தனார் குழந்தைச் செருப்புகளுக்கு நடுவில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். படக்காரி தேடித்தரவில்லை.

"நீ எழுதினதா?"

"ஆமா அண்ணி."

"நல்லா எழுதியிருக்க. நாலாம் பக்கம் மட்டும் கொஞ்சம் நீளம்."

"கத்தரி கைவச்சதுக்கு அப்புறம்தான் இவ்வளவு சின்னதாச்சு. முதல்ல இருந்ததை நீங்க படிச்சிருக்கணும்."

"என்ன இருந்தது?"

"உங்களுக்கு இறகே இல்ல."

நாத்தனார் ஒரு செருப்பை மாட்டினார். "வயசாயிடுச்சும்மா. இதையெல்லாம் இன்னுமா மனசுல வச்சிருப்ப?"

"நீங்க அச்சுல இல்ல வச்சீங்க?"

மகள் வெளியே வந்தாள். அத்தையைப் பார்த்து நேராகக் கேட்டாள். "அத்தை, அது வெறும் கதையா, நடந்ததா?"

நாத்தனார் தம்பி மகளைப் பார்த்தார். ஒருவேளை மறுபடியும் முதலில் அழுதுவிடலாம் என்று தோன்றியிருக்கும். கண்ணும் கலங்கியது. மகள் நகரவில்லை.

"நடந்தது" என்றார். "நான்தான் கையை விட்டேன். உங்க அப்பன் ஓடி வரான், எனக்குப் பயமாயிடுச்சு. சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் அதை எப்படி மாத்தறது?"

"அந்தக் கரடிய எதுக்கு எழுதினீங்க?"

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கரடிய இனிமே அச்சடிக்க வேண்டாம்னு சொல்லிடறேன். போதுமா?" என்றார் படக்காரியிடம்.

"வேண்டாம் அண்ணி. நல்ல படம் அது. எழுதினவங்க பேரோட அப்படியே வரட்டும்."

நாத்தனார் இன்னொரு செருப்பு கிடைக்காமலே திண்டாடினார். மகள்தான் பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்துப் போட்டாள், குனியாமல், காலால் தள்ளி. படக்காரி அதைக் கவனித்தாள். அவளுக்கு இதமாக இருந்தது.

"சிலேட்டுல ஏழுன்னு போட்டுடவா?" என்று கேட்டாள் மகள்.

"ஆறுதான் முடிஞ்சிருக்கு. ஏழாவது பாதியில நிக்குது."

"ஆறு போதுமே, அஞ்சுதானே வேணும்?"

"பிள்ளைங்க கேட்டாங்க இல்ல? கேட்டா முடிக்கணும், அதுதான் விதி. அடுத்த சனிக்கிழமை அண்ணி முதல்ல இதை முடிச்சுக் குடுத்துட்டு, அப்புறம் வேற புக்கை எடுக்கட்டும்."

நாத்தனார் வாயைத் திறந்தார். உள்ளே சுவரோரம் நின்ற அப்பா ஒருவர், "மேடம், அடுத்த வாரமும் வாத்துதானே? இவன் அழுகையையே நிறுத்த மாட்டேங்கறான்" என்று கேட்டார். பன்னிரண்டு வருஷமாகப் பெற்றோர்களிடம் இல்லை என்று சொல்லிப் பழகாதவர் நாத்தனார். "ஆமா" என்றார். பிறகு படியிறங்கிப் போனார். கழுத்து நேராக இருந்தது.

நூலகம் மூடியதும் தாயும் மகளும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நிறுத்தத்தில் மகள் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். பிறகு, "நீ முன்னயே சொன்னே. நான்தான் கன்னத்தைக் கிள்ளினேன்" என்றாள்.

"கிள்ளினே."

"வலிச்சுதா?"

"கிள்ளினது வலிக்கல."

மகள் அவள் தோளில் சாய்ந்தாள். படக்காரி கொஞ்சம் பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது அணைப்பு வேண்டியிருக்கவில்லை, காது வேண்டியிருந்தது.

"முழுசா சொல்லும்மா. ஆரம்பத்துல இருந்து."

படக்காரி சொன்னாள். வரிசை எவ்வளவு நீளம், திரைத்துணியில் என்ன பூ, நாத்தனார் அதைக் கடைக்காரரிடம் எத்தனை தடவை திருப்பிக் காட்டச் சொன்னார், குழந்தை இல்லை என்றதும் துணியைக் கீழே வைக்காமலே எப்படித் திரும்பினார், முதல் அழுகைக்கு முன் தம்பி வருகிறானா என்று எப்படி ஒருமுறை எட்டிப் பார்த்தார் என்று எல்லாவற்றையும். இரண்டு பேருந்துகள் வந்து நின்று போயின. எதையும் அவள் மறக்கவில்லை. எட்டிப் பார்த்தது மட்டும் நடந்ததா, இத்தனை வருஷத்தில் தானே சேர்த்துக்கொண்டதா என்று அவளுக்கே உறுதியில்லை. அதையும் சொன்னாள்.